ஒரே காய்ச்சல், இரண்டு மருத்துவமனைகள்

போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு நானும் என் கணவரும் காட்டோரக் கிராமமான மார்டள்ளிக்குப் போனோம். அவருடைய அப்பா அம்மாவை அடக்கம் செய்தது அந்த ஊரில்தான். மழை விடாமல் பெய்திருந்ததால் கல்லறைத் தோட்டத்தில் புல் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது. அவருடைய தம்பி சின்னப்பன் அரிவாளோடு வந்து வெட்டித் தள்ளினார். வெட்டிப் போட்ட புல்லின் மேலேயே மூவரும் உட்கார்ந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்தோம். பிறகு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றினோம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். மாலை பஸ்ஸில் மைசூருக்குத் திரும்பிவிட்டோம். அவ்வளவுதான் நாங்கள் செய்தது.

என் பெயர் ஜெசிந்தா. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் ஆரோக்கியராஜ் ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருந்தன. எங்களுக்கு ரீனா ஒரே மகள். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்குத் தமிழைவிடக் கன்னடம்தான் சரளம். எங்களிடம் தமிழில்தான் பேசுவாள், ஆனால் கோபமோ அழுகையோ வந்தால் கன்னடம்தான் முந்திக்கொண்டு வரும்.

ஊரிலிருந்து வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. அடுத்து எனக்கு. சாதாரணக் காய்ச்சல் போல இல்லை. தலையைத் தலையணையில் வைக்கவே முடியாத வலி, கண்ணைத் திருப்பினால்கூட வலிக்கும். அந்த மாதம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு டெங்கு. பக்கத்து கிளினிக் டாக்டரும் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, டெங்குவாகத்தான் இருக்கும், நிறைய தண்ணீர் குடியுங்கள், பாராசிட்டமால் போடுங்கள் என்றார். நாங்களும் இளநீரும் கஞ்சியுமாகக் கிடந்தோம். ரீனா விடுப்பு எடுத்து இருவருக்கும் மாறி மாறி நெற்றியில் ஈரத்துணி போட்டாள். சின்னப்பனுக்குப் போன் செய்து கேட்டோம். அவருக்கு ஒன்றும் இல்லை, வயலில் நின்றுகொண்டுதான் பேசினார்.

ஒரு காலையில் அவரால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. "ரீனா, கொஞ்சம்…" என்று நிறுத்தினார். மூச்சு வாங்கினார். "…தண்ணி" என்றார். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை ரீனா தேடி எடுத்து அவர் விரலில் மாட்டினாள். அதில் வந்த எண்ணை என்னிடம் காட்டாமல் கையை மூடிக்கொண்டாள். என் விரலிலும் மாட்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் இருவரையும் காரில் ஏற்றினாள்.

முதலில் போனது எங்களுக்குப் பழக்கமான ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. மிகவும் சுத்தமான இடம். என் பித்தப்பை ஆபரேஷன் அங்கேதான் நடந்தது. நர்ஸுகள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கைந்து கட்டில்கள்தான், கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்று சொல்லும்படி ஆள் இருக்கும். ஆனால் அன்றைக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான் காலி. டெங்குக் காலம் என்பதால் சாதாரண வார்டும் நிறைந்திருந்தது.

வரவேற்பு மேஜைக்கு முன்னால் இரண்டு சக்கர நாற்காலிகளில் நாங்கள் இருவரும். நடுவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ரீனா. வேறு மருத்துவமனைகளுக்குப் பேசினாள். எங்கும் இடமில்லை. கடைசியில் பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான், "எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்களாம்.

"அம்மா, அப்பாவுக்குத்தான் மூச்சு ஜாஸ்தி கஷ்டமா இருக்கு. அப்பா இங்க இருக்கட்டும், நல்லா பாத்துப்பாங்க. உன்னை நான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். சரியா?"

நான் தலையாட்டினேன். அவர்தான் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கித் தடுத்தார்.

"நீ இங்க இரு… புள்ள. நான் அங்க… போய்க்கறேன். அங்க கூட்டம். உனக்கு… ஆகாது."

"அப்பா, சும்மா இருங்க. ப்ளீஸ்" என்றாள் ரீனா. அழுகிற குரல்.

"நீங்க பேசாதீங்க. பேசினா இன்னும் மூச்சு வாங்கும்" என்றேன் நான். அவர் கண் விழித்திருந்து கேட்க நான் அவரிடம் சொன்ன கடைசிப் பேச்சு அதுதான்.

அதிகமாகத் துன்பப்படுகிறவருக்கு நல்ல இடம் என்று அவள் முடிவெடுத்தாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

பெரிய மருத்துவமனையின் வாசலைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நடைபாதை முழுக்கப் பாய்களும் பைகளும் செருப்புகளும். ஹுணசூர், எச்.டி. கோட்டை, ஹனூர் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். என்னை ஒரு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துச் சுவரோரமாக நிறுத்தினார்கள். பக்கத்தில் யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாகத்தான் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ரீனா சீட்டுப் போட வரிசைக்குப் போயிருந்தாள்.

அப்போது இளம் டாக்டர் ஒருவர், சௌம்யா என்று பெயர், இரண்டு மாணவர்களோடு வந்தார். மேல்படிப்பு படித்துக்கொண்டே அங்கே வேலை பார்ப்பவர். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. கன்னடத்தில்தான் பேசினார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார், உடனே அடுத்த கேள்வி:

"எங்கேயாவது வெளியூர் போனீங்களா? காட்டுப் பக்கம், வயல், புல்லு இருக்கிற இடம்?"

"கல்லறைக்குப் போனோம். புல்லு வெட்டினோம்."

"புல்லுமேல உக்காந்தீங்களா?"

"ஆமா."

உடனே ஸ்கிரீனை இழுத்து மறைக்கச் சொன்னார். காதுக்குப் பின்னால், அக்குளில், மார்புக்கு அடியில் என்று டார்ச் அடித்துத் தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை, வெட்கம்தான் வந்தது. பிறகு பாவாடை நாடாவைத் தளர்த்தி இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். முதுகுப் பக்கம், நாடா அழுந்துகிற இடத்தில் விரலை வைத்து, "இதோ இருக்கு" என்றார்.

ஒரு சிறிய கறுத்த பொருக்கு. பீடி நெருப்புப் பட்டுக் காய்ந்த இடம் போல இருந்ததாம். வலிக்கவும் இல்லை, அரிக்கவும் இல்லை. அது என் உடம்பில் இருந்ததே எனக்குத் தெரியாது.

டாக்டர் சௌம்யா எனக்குப் புரியும்படி சொன்னார். ஸ்கிரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். மழைக்குப் பிறகு புல்லிலும் புதரிலும் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக ஒரு பூச்சி இருக்கும். துணி இறுகுகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். கடித்த இடத்தில் சிலருக்கு இப்படிக் கறுப்பாகப் பொருக்கு வரும், சிலருக்கு வராது. ஆரம்பத்தில் டெங்கு மாதிரியேதான் இருக்கும். சரியான மருந்து விலை குறைவானது, எல்லா இடத்திலும் கிடைப்பது. சீக்கிரம் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போகும். "ரத்த ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்று சொல்லி அப்போதே ஊசி வழியாக மருந்தை ஆரம்பித்தார்.

"என் வீட்டுக்காரரும் அதே புல்லுலதான் உக்காந்தார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "எங்கே இருக்கார்?" என்று கேட்டார். மகளைக் கூப்பிடச் சொன்னார்.

ரீனா உடனே அந்தச் சிறிய மருத்துவமனைக்குப் போன் செய்தாள். பணியில் இருந்த இளம் டாக்டர், அப்பாவுக்கு டெங்கு பரிசோதனையில் லேசாகக் கோடு காட்டியிருக்கிறது, நிமோனியாவுக்கும் வீரியமான மருந்துதான் போய்க்கொண்டிருக்கிறது, பெரிய டாக்டர் காலையில் வந்ததும் சொல்கிறேன் என்றாராம். சொல்லவும் செய்தார். மறுநாள் காலை பெரிய டாக்டர், நாகேந்திரா என்பவர், தானே அவருடைய உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்து, தொடை இடுக்கில் அதே பொருக்கைக் கண்டுபிடித்தார். டாக்டர் சௌம்யாவிடம் போனில் பேசினார். அந்த நிமிடமே மருந்தையும் மாற்றினார். ஆனால் அதற்கு முந்தைய இரவிலேயே என் கணவருக்கு மூச்சு முடியாமல் போய், குழாய் வைத்து வென்டிலேட்டரில் போட்டிருந்தார்கள்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. என் மூச்சும் மோசமாகி என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், எந்நேரமும் கருவிகளின் சத்தம். அங்கே எனக்குப் பெயர் இல்லை, ஏழாம் பெட். காற்றை அழுத்தித் தள்ளும் முகமூடியை இறுக்கமாக மாட்டிவிட்டிருந்தார்கள். புயல்காற்றில் வாயைத் திறந்துகொண்டு நிற்பது போல இருக்கும். பிடுங்கி எறியத் தோன்றும். "அம்மா, கவுந்து படுங்க" என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லுவார். குப்புறப் படுத்தால் முதுகுப் பக்கத்து நுரையீரல் விரிந்து கொடுக்குமாம். நான் முடியாது என்று தலையாட்டினால், திட்டிவிட்டு அவரே புரட்டிவிட்டுப் போவார். அன்பாக ஒரு வார்த்தை பேச அவருக்கு நேரம் இருந்ததில்லை. சிறுநீர்ப் பை நிரம்பி வழிந்து நான் ஈரத்திலேயே கிடந்த நேரமும் உண்டு. தண்ணீர் கேட்டால் வர வெகுநேரமாகும். ஆனால் கருவியின் சத்தம் மாறினால் மட்டும் ஓடி வருவார்கள். எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும், எதற்கு நடந்து வந்தால் போதும் என்று திரும்பிப் பார்க்காமலே அவர்களுக்குத் தெரிந்தது.

எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தது ஹுணசூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். அவர் வென்டிலேட்டரில் இருந்தார், நினைவில்லை. தினமும் ஒரு வேளை ஆறேழு பேர் அவர் கட்டிலைச் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் தலைமாட்டில் நின்று குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். "ஒந்து… எரடு… மூரு" என்று கன்னடத்தில் எண்ணி, மூன்றாவதில் எல்லோரும் சேர்ந்து ஒரே அசைவில் அவரைக் குப்புறத் திருப்பிவிடுவார்கள். உடனே கலைந்து அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அதை ஒரு பெரிய காரியமாக யாரும் நினைத்ததாகவே தெரியவில்லை.

ரீனா இரண்டு மருத்துவமனைகளுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டிருந்தாள். பார்வை நேரத்தில் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து என் காலைத் தடவிக்கொடுப்பாள்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்று நான் விரலால் காற்றில் எழுதிக் கேட்பேன்.

"நல்லா இருக்காங்க. அங்க சிஸ்டர் ரொம்ப நல்லவங்கம்மா. சுடுதண்ணில மூஞ்சி தொடச்சி, ஷேவ்கூட பண்ணி விட்டாங்க. தலகாணிகிட்ட ஜெபமாலை வெச்சிருக்காங்க."

அது அத்தனையும் உண்மை. வென்டிலேட்டரை மட்டும் சொல்லாமல் விட்டாள்.

சுற்றிலும் பார்த்துவிட்டு, "உன்னையும் சீக்கிரம் அங்க மாத்திடறேம்மா. உன்னை இங்க இப்படிப் போட்டுட்டேனே" என்றாள். கண் கலங்கியது. நானும் அதைத்தான் விரும்பினேன். மாற்று என்று கையைக் காட்டினேன். டாக்டர் சௌம்யா மட்டும், "இப்போ வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

பிறகு நடந்ததை ரீனா எனக்கு வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். டாக்டர் நாகேந்திரா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார். நுரையீரல் முழுக்க நீர் கோத்து இறுகிவிட்டது, மெஷின் எவ்வளவு தள்ளினாலும் ஆக்ஸிஜன் ஏறவில்லை, பல மணி நேரம் குப்புறப் படுக்க வைக்க வேண்டும் என்றார்.

"வைங்க டாக்டர்" என்றிருக்கிறாள் இவள்.

அதற்கு அவர், "என்கிட்ட மெஷின் இருக்கு. எப்படிச் செய்யணும்னும் தெரியும். ஆனா இங்கே வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் இதைச் செய்யறோம். என் நர்ஸுகள்ல பாதிப் பேர் கண்ணால பாத்ததில்லை. திருப்பும்போது குழாய் நழுவினா அவ்வளவுதான். உங்க அம்மா இருக்கிற இடத்துல இதை தினமும் செய்யறாங்க. அங்கே இடம் கிடைச்சா மாத்திடுங்க. நானே கூட வரேன்" என்றாராம்.

அந்த மனிதர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தன்னால் முடியாததை முடியாது என்று சொன்னார். எல்லோரும் அப்படிச் சொல்லிவிடுவதில்லை.

ஆனால் இங்கே இடம் இல்லை. கூடத்தில் எல்லாக் கட்டிலும் நிறைந்திருந்தது. ரீனா டாக்டர் சௌம்யாவிடம் வந்து கெஞ்சியிருக்கிறாள். முதல் கட்டில் காலியானதும் உன் அப்பாவுக்குத்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். கட்டில் எப்படிக் காலியாகும் என்று இருவருக்குமே தெரியும்.

ஒரு மத்தியானம் ஹுணசூர் அம்மா இறந்துபோனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய மகன் வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடலை எடுத்துப்போன பிறகு மெத்தையை மருந்து போட்டுத் துடைத்தார்கள், புது விரிப்பு விரித்தார்கள். சாயங்காலம் கதவைத் திறந்து ஒரு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூடவே குழாயில் மாட்டிய காற்றுப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு டாக்டர் நாகேந்திரா வந்தார். ஸ்ட்ரெச்சரில் இருந்தது என் கணவர்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. முகமூடிக்குள் நான் கத்தியது வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

அன்றே அவரைத் திருப்பினார்கள். ஒந்து, எரடு, மூரு. அவர் முகம் எனக்கு எதிர்ப்பக்கம் போய்விட்டது. என் கட்டிலிலிருந்து பார்த்தால் அவருடைய பாதங்கள்தான் தெரியும். வெடித்த குதிகால்கள். வாஸ்லின் தடவுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சண்டை போட்ட பாதங்கள். காலையில் எழுந்ததும் அவற்றைத்தான் பார்ப்பேன். விரல் கொஞ்சம் அசைந்தால்கூட என் மனம் அங்கே ஓடும்.

அவருக்கு ஆக்ஸிஜன் ஏறத் தொடங்கியது. டாக்டர் சௌம்யா என்னிடம் வந்து, "கொஞ்சம் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். என் முகமூடியையும் எடுத்துவிட்டு மூக்குக் குழாய் வைத்தார்கள். வார்டுக்கு மாற்றுவதற்கு முன்னால், எப்போதும் என்னைத் திட்டுகிற அந்த நர்ஸ், நான் கேட்காமலேயே என்னைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். "கை பிடிச்சுக்கங்க. பேசுங்க, கேக்கும்" என்றார். நான் கையைப் பிடித்தேன். வீங்கியிருந்தது. "என்னங்க" என்றேன். "ரீனா நல்லா இருக்கா. சாப்பிடறா" என்றேன். அவள் சாப்பிடவில்லை என்று எனக்கும் தெரியும்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் நின்றது. ரத்த அழுத்தம் இறங்கியது, எந்த மருந்துக்கும் ஏறவில்லை. நான் மாடியில் வார்டில் இருந்தேன். ஒரு காலையில் ரீனா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கையில் அவருடைய ஜெபமாலை இருந்தது.

"அப்பா ஹோகிபிட்ரு, அம்மா" என்றாள். கன்னடத்தில்.

அப்பா போய்விட்டார்.

எனக்கு இன்னும் ஆக்ஸிஜன் தேவைப்பட்டதால் மாதா கோவிலுக்கோ கல்லறைக்கோ போக விடவில்லை. சவ வண்டியை மருத்துவமனையின் பின்வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் அவர் நெற்றியில் சிலுவை போட்டேன். சின்னப்பன் மார்டள்ளியிலிருந்து வந்திருந்தார். "ஏனுங்கண்ணி, அண்ணனை ஊருக்குக் கொண்டுபோயி அப்பாம்மா பக்கத்துலயே வெச்சிரலாமுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ரீனா, "வேண்டாம் சித்தப்பா" என்றாள். மைசூரிலேயே அடக்கம் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு என் உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. ரீனா என்னைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். கஞ்சி, மாத்திரை, வெந்நீர் எல்லாம் நேரத்துக்கு வந்தன. பேச்சுதான் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நான் மாத்தி அனுப்பியிருந்தா? உன்னை அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கும் அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்கும்?"

"ரீனா…"

"நல்ல இடம்னுதானே அப்பாவை அங்க வெச்சேன். ஏசி இருக்கு, சுத்தமா இருக்கு, நர்ஸ் பேரு சொல்லிக் கூப்பிடறாங்கன்னு. உன்னைக் கூட்டத்துல தள்ளிட்டேன்னு தினமும் அழுதேன். கடைசியில நீ இருக்கே, அப்பா இல்ல."

"அப்படி எல்லாம் இல்ல" என்று சும்மா சொன்னால் அவள் நம்ப மாட்டாள். எனக்கே அதற்கு விடை தெரியாது. அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, ரீனாவை மருந்து வாங்க அனுப்பிவிட்டு டாக்டர் சௌம்யாவிடம் நேராகக் கேட்டேன். நிறைய நோயாளிகளைப் பார்க்கிற இடத்தில்தான் பிழைப்பார்களா?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நாங்க புத்திசாலிங்கறதால அந்தப் பொருக்கைத் தேடல அம்மா. மழைக்காலம் முடிஞ்சா காட்டோரத்துலேர்ந்து இதே காய்ச்சலோட ஆட்கள் வந்துகிட்டே இருப்பாங்க. கை தானா அங்கே போகுது. வென்டிலேட்டரும் அப்படித்தான், தினமும் செய்யற வேலையில தப்பு குறையும். அதிகம் பேருக்கு வைத்தியம் பாக்கிற ஐ.சி.யு.ல, மொத்தமா எடுத்துப் பாத்தா, பிழைக்கறவங்க அதிகம்னு பல ஊர்கள்ல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்காங்க. எல்லா நோய்க்கும் இல்லை. எல்லா இடத்துலயும் இல்லை. அதுக்கும் ஒரு எல்லை இருக்கு. நர்ஸுக்குத் தாங்காத கூட்டம் வந்தா எல்லாம் தலைகீழாயிடும். அதையும் நான் இங்கேயே பாத்திருக்கேன்."

"என் வீட்டுக்காரர்?"

"வரும்போதே அவருக்கு உங்களைவிட முத்தியிருந்தது. அவருக்குத்தான் முதல்ல காய்ச்சல் வந்தது, இல்லையா? முதல் நாளே இங்கே வந்திருந்தா பிழைச்சிருப்பார்னு என்னால சொல்ல முடியாது. பிழைச்சிருக்க மாட்டார்னும் சொல்ல முடியாது."

பள்ளியில் சராசரியைப் பற்றி எத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பின் சராசரியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். அந்த ஒரு பிள்ளை நம் வீட்டு ஆளாக இருக்கும்போது அது என்ன பாடு படுத்தும் என்று அன்றுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் ரீனாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு முன்பே முற்றியிருந்தது, நீ மாற்றி அனுப்பியிருந்தால் ஒருவேளை நான் போயிருப்பேன், இரண்டு பேருமே போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது என்றேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உன் கணக்கு எல்லாம் சரிதாம்மா" என்றாள். "அப்பா இல்லையே." எழுந்து போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் மறுபடி வேலைக்குப் போனாள். நானும் பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். மாடிப்படி ஏறினால் இன்றைக்கும் எனக்கு மூச்சு வாங்கும். வகுப்பில் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். பிள்ளைகள் அமைதியாகக் காத்திருப்பார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது ரீனாவுக்குப் போன் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் கிரண் என்ற பையன். அவனுடைய அம்மாவுக்கு நிமோனியா, மூச்சு திணறுகிறது, ஐ.சி.யு. வேண்டும் என்கிறார்கள், இரண்டு மருத்துவமனைகளில் இடம் இருக்கிறதாம். எதில் சேர்ப்பது என்று கேட்டான். உங்கள் வீட்டில் நடந்தது தெரியும் என்பதால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றான்.

ரீனாவின் முகம் வெளுத்துவிட்டது. போனை என் பக்கம் நீட்டினாள். "நீயே சொல்லு" என்று உதட்டை அசைத்தாள்.

நான் வாங்கவில்லை. "அன்னைக்கு ரெண்டு ஆஸ்பத்திரியையும் உள்ள போய்ப் பாத்தவ நீதான். உனக்குத்தான் தெரியும்" என்றேன்.

அந்தப் பக்கம் அவன் "ரீனா? ரீனா?" என்பது கேட்டது. அவள் போனைக் காதில் வைத்தாள். கன்னடத்தில் பேசினாள்.

"கிரண், ரூமைப் பாக்காதே. உள்ள இருக்கிற டாக்டர்கிட்ட நேரா கேளு. வென்டிலேட்டர்ல இருக்கிறவங்களை தினமும் பாக்கறீங்களா, எப்பவாவது ஒருத்தரைத்தான் பாக்கறீங்களான்னு கேளு. ராத்திரி யார் இருப்பாங்க, ஐ.சி.யு. டாக்டர் உள்ளயே இருப்பாரா, போன்ல கூப்பிடணுமான்னு கேளு. ஒரு நர்ஸுக்கு எத்தனை பேருன்னு கேளு, ரொம்ப ஜாஸ்தின்னா அதுவும் சரியில்லை. அம்மாவுக்கு மோசமாச்சுன்னா எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்கன்னு இப்பவே கேளு. அந்தப் பேரைச் சொன்னா, அங்க இடம் இருந்தா, முதல்லயே அங்க போ. கேக்கறதுக்கு வெக்கப்படாதே. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டார். அப்புறம், அம்மா சமீபத்துல எங்கயாவது தோட்டம், புல்லு பக்கம் போனாங்களான்னு யோசிச்சு, அவங்க கேக்காட்டியும் நீயே சொல்லு."

அவன் ஏதோ கேட்டான். பதில் சொன்னாள். இப்போது குரல் நிதானமாக இருந்தது. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, நானும் வருகிறேன் என்றாள்.

போனை மேஜைமேல் வைத்தாள். என் எதிரில் உட்கார்ந்து, நான் நறுக்கி வைத்திருந்த பீன்ஸைக் கையால் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்கு இதை யாரும் சொல்லலம்மா" என்றாள்.

"ஆமா கண்ணு" என்றேன். "யாரும் சொல்லல."